விசாரித்ததாகச் சொல்லவும்

அக்கா மகள் தங்கியிருக்கும் விடுதி அறையில், இரும்பு அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒரு துண்டுச் சீட்டு ஒட்டியிருக்கிறது. ஆண்களுக்கு அந்த விடுதியில் வாசலோடு சரி. அவள்தான் போனில் படம் எடுத்து வந்து காட்டினாள். நீல மையில் எழுதியிருந்தது: “பருப்புப் பொடி ரெண்டாம் தட்டுல இருக்கு. எங்க அக்காவுக்குப் பையன். 2 கிலோ 900. நேத்து ராத்திரி.” அதற்குக் கீழே பென்சிலில், வேறு கையெழுத்தில்: “அக்காவ விசாரிச்சேன்னு சொல்லு. பொடி எடுத்துக்கிட்டேன். ஊறுகா தீந்துபோச்சு.”

இதை எழுதிய இருவரும் ஏழு மாதமாக ஒரே அறையில் இருக்கிறார்கள். ஒரே கம்பெனி, வேறு வேறு பேட்ச். இவள் ஏ ஷிப்ட் என்றால் அவள் பி. இவள் பி என்றால் அவள் சி. வாரம் மாறும்போது இருவரும் சேர்ந்தே மாறுவதால் இடைவெளி அப்படியே இருக்கிறது. ஆறு பேர் உள்ள அறையில் யாராவது ஒருத்தி எப்போதும் தூங்கிக்கொண்டிருப்பாள் என்பதால் பகலிலும் விளக்குப் போடுவதில்லை. போன் வெளிச்சத்தில்தான் துணி தேடுவது, தலை பின்னுவது எல்லாம். ஒருவரையொருவர் விழித்த கண்ணோடு பார்ப்பது வீக் ஆஃப் அன்றுதான். வாட்ஸ்அப் இருக்கும்போது எதற்குச் சீட்டு என்று கேட்டேன். “வேலைக்குள்ள போனா போன் லாக்கர்ல மாமா. வெளிய வந்து பாத்தா நூறு மெசேஜுக்கு அடியில கெடக்கும். கதவத் தெறந்தா இது இருக்கும்ல” என்றாள்.

கடந்த சில மாதங்களில் வந்தவர்கள், போன இடங்கள் எல்லாவற்றையும் எழுதலாம் என்று உட்கார்ந்தபோது அந்தச் சீட்டுதான் முதலில் வந்து நின்றது. அதிலுள்ள ஒரு சொல்லை என்னால் தாண்ட முடியவில்லை. விசாரிப்பது. வழக்கை விசாரிக்கிறோம், வழியை விசாரிக்கிறோம், துக்கம் விசாரிக்கிறோம், பிள்ளை பெற்றவளையும் விசாரிக்கிறோம். நேரில் போக முடியாதபோது, விசாரித்ததாக இன்னொருவர் வாயில் சொல்லி அனுப்புகிறோம். அந்தச் சீட்டில் சேதி சொன்னவளின் அக்காவை என் அக்கா மகள் பார்த்ததே இல்லை.

நான் 1999இல் இங்கே வந்தேன். அருப்புக்கோட்டைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். ஸ்ரீபெரும்புதூருக்கு வேலைக்குப் போகிறேன் என்றதும், “ராஜீவ் காந்தி செத்த ஊரா?” என்றுதான் எல்லாரும் கேட்டார்கள். 1991 மே 21க்குப் பிறகு எங்கள் பக்கத்தில் இந்த ஊருக்கு வேறு அடையாளம் கிடையாது. நான் வருவதற்கு முந்தின வருடம்தான் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாயின் சான்ட்ரோ கார்கள் வெளிவரத் தொடங்கியிருந்தன. காருக்கு ரப்பர் பாகங்கள் செய்துகொடுக்கும் ஒரு சிறிய கம்பெனியில் டிரெய்னியாகச் சேர்ந்தேன். ஓர் அறையில் ஆறு பேர்.

ஞாயிறு இரவு எஸ்டிடி பூத்தில் வரிசை நிற்கும். கட்டணம் குறையும் நேரத்துக்காகக் காத்திருப்போம். எங்கள் தெருவில் போன் இருந்தது மளிகைக் கடைக்காரர் வீட்டில் மட்டும்தான். முதலில் கூப்பிட்டு, “அம்மாவக் கொஞ்சம் வரச் சொல்லுங்க” என்று சொல்லி வைத்துவிட வேண்டும். பத்து நிமிடம் கழித்து மறுபடியும் போட வேண்டும். கண்ணாடிக் கூண்டுக்குள் சிவப்பு எண்கள் ஓடிக்கொண்டிருக்கும். அம்மா சேதி எதுவும் சொல்ல மாட்டாள். “சாப்பிட்டியா?” என்பாள், “எல்லாரும் நல்லா இருக்கோம்” என்பாள், வைத்துவிடுவாள். சேதியெல்லாம் தம்பியின் கையெழுத்தில் இன்லண்ட் லெட்டரில் வரும். மழை பெய்தது, மாடு கன்று போட்டது, கடன் அடைந்தது, அடையாதது. கடைசி வரி மட்டும் மாறவே மாறாது: உடன் இருப்பவர்களை விசாரித்ததாகச் சொல்லவும். அந்த வரியை நான் அறையில் சத்தமாகப் படிப்பேன். மற்ற ஐந்து பேரும் அவரவர் பாயில் இருந்தபடி தலையை அசைத்து அதை வாங்கிக்கொள்வார்கள். எங்கள் அம்மா கேட்டது அவர்களுக்கும் சேர்ந்துவிடும்.

பிறகு ஒரகடம் வளர்ந்தது. 2010இல் ரெனோ-நிசான், 2012இல் டைம்லர், 2013இல் ராயல் என்ஃபீல்டு. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து சிங்கப்பெருமாள் கோயில் போகும் சாலை அகன்றுகொண்டே போனது. அந்தச் சாலையில் இன்று அதிகாலை ஐந்து மணிக்கு நின்றால் கம்பெனி பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போவதைப் பார்க்கலாம். தென்காசி, திருவாரூர், தருமபுரி, பீகார், ஒடிசா, அஸ்ஸாம் என்று எல்லா ஊர்ப் பிள்ளைகளும் ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டு போகிறார்கள். நான் டீ குடிக்கும் கடையில் ஒடிசாவிலிருந்து வந்த பையன் ஒருவன் வேலை பார்க்கிறான். அவன் முதலில் கற்றுக்கொண்ட தமிழ் வாக்கியம் “சாப்டீங்களா?” டீ கொடுக்கும்போதெல்லாம் அதைக் கேட்கிறான். யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. வருகிறவர்கள் எல்லாரும் அதையே கேட்டுக்கொண்டதைப் பார்த்துத் தானே எடுத்துக்கொண்டான்.

ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டு வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். கையில் ஒரு பை, பக்கத்தில் பத்து வயதுப் பெண் குழந்தை. “அண்ணா, தெரியலையா?” என்றாள். குரலை வைத்துத்தான் தெரிந்தது. பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன் எங்கள் காம்பவுண்டில் குடியிருந்தவள். போளூர்ப் பக்கம் ஊர். நோக்கியா போன் தொழிற்சாலையில் வேலை பார்த்தாள். அந்தத் தொழிற்சாலை 2006இல் உற்பத்தியைத் தொடங்கி, 2014 நவம்பர் 1ஆம் தேதி நின்றுபோனது. ஆயிரக்கணக்கான பிள்ளைகள் அந்த ஒரு வருடத்துக்குள் பெட்டியைக் கட்டினார்கள். அதில் பெரும்பாலானவர்கள் பெண்கள், அவர்கள் வீட்டில் முதல்முதலாக மாதச் சம்பளம் வாங்கியவர்கள். இவள் ஊருக்குப் போய்த் தையல் கற்றுக்கொண்டு, இப்போது சொந்தமாக மூன்று மெஷின் வைத்திருக்கிறாள். பையை என்னிடம் நீட்டி, “மல்லாட்ட அண்ணா. நம்ம கொல்லையில வெளஞ்சது” என்றாள். எங்கள் ஊரில் நிலக்கடலை என்போம். மல்லாட்டை என்ற சொல்லைக் கேட்டதும் அந்தப் பழைய காம்பவுண்டே திரும்பி வந்ததுபோல் இருந்தது.

அவள் வந்தது லைனில் கூட இருந்த மூன்று பேரைப் பார்க்க. கடைசி நாளில் எல்லாரும் நோட்டில் எண் எழுதிக்கொண்டார்களாம். அந்த நோட்டை இன்னும் வைத்திருக்கிறாள். பிறகு ஒவ்வொருத்திக்கும் கல்யாணம் ஆனது, ஊர் மாறியது, சிம் மாறியது. மூன்று எண்ணும் உபயோகத்தில் இல்லை. எட்டு வருடம் போன் செய்த கைகளுக்கு ஒரு தோழியின் எண் மிஞ்சவில்லை. “நேர்ல வந்து விசாரிச்சா யாராவது சொல்லுவாங்கன்னு வந்தேன்” என்றாள்.

விசாரித்தோம். பஸ் நிற்கும் இடத்திலிருந்த பூக்காரம்மாவிடம், பழைய மெஸ்காரரிடம், செல்போன் ரீசார்ஜ் கடையில். மூன்றாவது கடையில் ஒரு துப்புக் கிடைத்தது. அவர்களில் ஒருத்தி ஊருக்கே திரும்பவில்லை. சுங்குவார்சத்திரத்தில் புருஷனோடு சேர்ந்து டிபன் கடை நடத்துகிறாள். அங்கே போனபோது மாலை நான்கு மணி. அவள் மறுநாள் மாவுக்கு உளுந்து களைந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். ஈரக் கையோடு எழுந்து வந்து இவள் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டு கேட்ட முதல் கேள்வி: “அம்மாவுக்கு அந்தக் கால் வீக்கம் கொறஞ்சிதா?”

அந்த அம்மா இறந்து ஐந்து வருடம் ஆகிறது. இவள் பதில் சொல்லவில்லை. கேட்டவளுக்கு அது போதுமாக இருந்தது. உளுந்துத் தண்ணீர் சொட்டும் கை தோளிலேயே இருந்தது. குழந்தை என்னையும் அவர்களையும் மாறி மாறிப் பார்த்தது. பதினொரு வருடம் ஒரு கேள்வியைப் பத்திரமாக வைத்திருந்து, விட்ட இடத்திலிருந்து கேட்க ஒருத்தி இருந்தாள் என்பதை நான் கண்ணால் பார்த்தேன். அந்த மாலைக்காகவே இந்தக் கட்டுரையை எழுதலாம்.

விசாரிக்க வழியில்லாதபோது என்ன நடக்கும் என்பதையும் இதே சாலையில் பார்த்திருக்கிறேன். 2021 டிசம்பர் நடுவில், பூந்தமல்லிப் பக்கம் ஃபாக்ஸ்கான் பெண் தொழிலாளர்கள் தங்கியிருந்த ஒரு விடுதியில் சாப்பாடு நஞ்சாகி, 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். சேர்க்கப்பட்டவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்பது உடன் இருந்தவர்களுக்குத் தெரியவில்லை. சிலர் இறந்துவிட்டார்கள் என்று வதந்தி பரவியது. 17ஆம் தேதி இரவு பெண்கள் சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். மறுநாள் காலை எங்கள் கம்பெனி பஸ்ஸும் அந்த நெரிசலில் நின்றது. இறங்கி நடந்துபோய்ப் பார்த்தேன். மார்கழிப் பனி. துப்பட்டாவைத் தலையில் சுற்றிக்கொண்டு, கழுத்தில் ஐடி கார்டோடு, தார்ச் சாலையில் வரிசை வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். விடுதி வசதியும் சாப்பாடும் பிறகு பேசப்பட்டன. தொழிற்சாலை மூடப்பட்டு, ஜனவரி 12ஆம் தேதிதான் மறுபடி திறந்தது. ஆனால் அந்த இரவில் அவர்களைச் சாலைக்குக் கொண்டுவந்தது மிகப் பழைய ஒரு கேள்வி. என் கூடப் படுத்திருந்தவள் எப்படி இருக்கிறாள்? இதற்குப் பதில் சொல்ல ஓர் ஆள் இல்லாததால்தான் நாட்டின் மிகப் பெரிய நெடுஞ்சாலைகளில் ஒன்று நின்றது.

அதற்குப் பிறகு நல்லது சில நடந்திருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். வல்லம் வடகாலில் 706.50 கோடி ரூபாய் செலவில் 18,720 படுக்கைகள் கொண்ட பெண்கள் விடுதியை அரசு கட்டி, 2024 ஆகஸ்ட் 17 அன்று திறந்தது. சாலையிலிருந்து பார்த்தால் ஒரு சிறு நகரம் நிற்பதுபோல் இருக்கிறது. ஒரு தாலுகாத் தலைநகரின் ஜனத்தொகை ஒரே வளாகத்தில். அத்தனை பேருக்கும் அம்மா, அப்பா, அக்கா, அத்தை இருக்கிறார்கள். அவர்கள் ஒரு நாள் பையைத் தூக்கிக்கொண்டு பார்க்க வருவார்கள்.

இந்தப் பொங்கலுக்கு நான் ஊருக்குப் போனேன். 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் வந்த பிறகு ஒரகடத்துக்காரர்களுக்குக் கோயம்பேடு வரை போகும் அலைச்சல் மிச்சம். படப்பை, வண்டலூர் வழியாகப் போய்விடலாம். பஸ்ஸில் உட்கார்ந்ததும் அம்மா போனில் பட்டியல் வாசித்தாள். பெரியம்மா வீட்டுக்கு ஒரு எட்டுப் போய்விட்டு வர வேண்டும். மதினிக்குக் கண் ஆபரேஷன் ஆகியிருக்கிறது, தலையைக் காட்ட வேண்டும். புதுவீடு கட்டிய பங்காளி வீட்டில் ஒரு வாய்க் காப்பியாவது குடிக்க வேண்டும். இருப்பது நாலு நாள், போக வேண்டியது பதினொரு வீடு. எங்கள் ஊரில் தூரத்துக்கு அளவு இந்த எட்டுதான். கால் எடுத்து வைத்தால் எட்டிவிடும் தூரத்தில் உறவு இருந்த காலத்துச் சொல் அது.

அப்படி எட்டும் தூரத்து உறவு இங்கேயும் இருக்கிறது. எங்கள் கம்பெனியில் என்னோடு வேலை பார்ப்பவர் ஒருவர் ஏகனாபுரம் பக்கத்துக்காரர். பரந்தூர் விமான நிலையத் திட்டம் 2022இல் அறிவிக்கப்பட்டதிலிருந்து அந்த ஊர் மக்கள் போராடிக்கொண்டிருப்பது எல்லாருக்கும் தெரியும். “இழப்பீடு குடுப்பாங்க சார். எங்க தெருவுல ஒம்போது வீடும் சொந்தக்காரங்க. அந்த ஒம்போதையும் ஒரே தெருவுல குடுப்பாங்களா?” என்று ஒரு நாள் கேன்டீனில் கேட்டார். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அம்மா சொன்ன பதினொரு வீட்டில் ஒன்று சித்தி வீடு. சித்தப்பா ஐப்பசியில் இறந்துபோனார். நான் போகவில்லை. எங்கள் கம்பெனியின் விடுப்பு விதியில் துக்க விடுப்புக்கு அப்பா, அம்மா, மனைவி, பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள் உண்டு. சித்தப்பா இல்லை. அந்த வாரம் உற்பத்தி நெருக்கடி. சொந்த விடுப்பும் கிடைக்கவில்லை. சின்ன அப்பா என்று பெயரிலேயே இருக்கும் ஒருவர், எனக்கு சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர், அந்தப் படிவத்தில் யாரோ ஒருவர். வீடியோ காலில் தம்பி காட்டினான். முகத்தைப் பார்த்தேன். பின்னால் சங்குச் சத்தம் கேட்டது. பத்து நிமிடத்தில் நான் லைனுக்குத் திரும்பிவிட்டேன். அன்று முழுவதும் கை நடுங்கியது.

பண்டிகை நாளில் துட்டி கேட்கப் போகக் கூடாது என்று அம்மா சொன்னதால், கரிநாள் முடிந்து மறுநாள் காலையில் போனேன். சித்தி திண்ணையில் சுவரோடு சாய்ந்திருந்தாள். நெற்றி வெறுமையாக இருந்தது. அவள் எதிரில் தரையில் உட்கார்ந்தேன். என்ன கேட்பது என்று வழியெல்லாம் யோசித்து வைத்தது எதுவும் வாயில் வரவில்லை. வெகுநேரம் இருவரும் பேசாமல் இருந்தோம். கோழி ஒன்று முற்றத்தைச் சுற்றிவிட்டுப் போனது. பிறகு சித்தி கேட்டாள்: “அங்க உனக்குச் சாப்பாடெல்லாம் எப்படிடா?” அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. அவளுக்கும் வந்தது. ஐப்பசியில் திரையில் பார்த்தபோது முடியாத ஒன்று, தையில் அந்தத் திண்ணையில் முடிந்தது. துட்டி கேட்பது என்கிறோமே, கேட்பவன் வாய் திறக்க வேண்டும் என்றுகூட இல்லை. போய் உட்கார்ந்தால் போதும்.

திரும்பி வந்த பிறகு தைப்பூசத்தன்று அக்கா மகளுக்கு வீக் ஆஃப் வந்தது. ஸ்ரீபெரும்புதூர் ஆதிகேசவப் பெருமாள் கோயிலுக்குப் போனோம். இராமானுசர் பிறந்த ஊர். மரபுக் கணக்குப்படி 1017ஆம் ஆண்டு. படிக்கக் காஞ்சிப் பக்கம் போனார், திருவரங்கத்தில் தங்கினார். திருக்கோட்டியூர் நம்பியைப் பார்க்கப் பதினெட்டு முறை நடந்தார் என்பார்கள். திருவரங்கத்திலிருந்து அது ஏறக்குறைய நூறு கிலோமீட்டர். மேல்கோட்டையில் பல ஆண்டுகள் இருந்தார். சொந்த ஊருக்குத் திரும்பி வந்து குடியிருக்கவில்லை. முதுமையில், அவர் சீடர் முதலியாண்டானின் மகன் கந்தாடை ஆண்டான், அவரைப் போலவே ஒரு திருமேனி செய்து பெரும்புதூருக்குக் கொண்டுபோக அனுமதி கேட்டார். இராமானுசர் அந்தத் திருமேனியை இறுகத் தழுவிக் கொடுத்தனுப்பினார். தைப்பூசத்தன்று இங்கே அதற்குக் கண் திறந்த நேரத்தில், அங்கே அவர் உடல் சட்டென்று தளர்ந்தது என்பது வைணவர்கள் வழிவழியாகச் சொல்லும் வரலாறு. தானுகந்த திருமேனி என்று அதற்குப் பெயர்.

சன்னதிக்கு வெளியே உட்கார்ந்து இதை அவளுக்குச் சொன்னேன். “நாம வீட்டுக்கு போட்டோ அனுப்புற மாதிரியா மாமா?” என்றாள். ஆமாம் என்றுதான் சொன்னேன். பிறகு யோசித்தேன். வெளியூரில் இருப்பவன் தன் உருவத்தை ஊருக்கு அனுப்புவது ஆயிரம் வருடத்துப் பழக்கம். அதில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் அந்தக் கதையைச் சொன்னவர்கள் உருவத்தோடு நிறுத்தவில்லை. தழுவினார் என்று சொன்னார்கள், தளர்ந்தார் என்று சொன்னார்கள். அனுப்பியவர் உடம்பிலிருந்து ஏதோ ஒன்று கூடப் போயிருக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. போளூரிலிருந்து வந்தவள் ஒரு நாள் கூலியையும் பஸ் காசையும் கொண்டுவந்து அதைக் கொடுத்தாள். என்னிடம் ஐப்பசியில் அது கேட்கப்பட்டது. என்னால் கொடுக்க முடியவில்லை.

இந்த வட்டாரத்துக்குச் சாலை வந்தது, விடுதி வந்தது, ஆஸ்பத்திரிகள் வந்தன. இனி இரண்டு சிறிய விஷயங்கள் வர வேண்டும் என்று கேட்கிறேன். ஒன்று, ஒவ்வொரு விடுதி வாசலிலும் கூரையும் மின்விசிறியும் குடிதண்ணீரும் உள்ள ஓர் உட்காரும் இடம். இரவு பஸ் பிடித்து வரும் அப்பா கேட்டுக்கு வெளியே லாரிப் புழுதியில் நின்று மகளைப் பார்த்துவிட்டுப் போகக் கூடாது. இரண்டு, துக்க விடுப்புப் படிவத்தில் சித்தப்பாவுக்கும் பெரியம்மாவுக்கும் தாய்மாமனுக்கும் ஒரு வரி. நம் சொந்தம் அப்படித்தான் அமைந்திருக்கிறது. படிவம்தான் அதற்கு ஏற்ப மாற வேண்டும்.

படிக்கிறவர்களிடமும் ஒன்று கேட்கிறேன். உங்கள் தெருவிலிருந்து, உங்கள் பள்ளியிலிருந்து யாராவது ஒரு பிள்ளை இந்த ஸ்ரீபெரும்புதூர்-ஒரகடம் பாதையில் வேலை பார்த்துக்கொண்டிருக்கும். சென்னைக்குக் கல்யாணத்துக்கோ ஆஸ்பத்திரிக்கோ வரும்போது ஒரு எட்டு வாருங்கள். முதல் நாளே போன் செய்து எந்த ஷிப்ட் என்று கேட்டுக்கொள்ளுங்கள், தூக்கத்தில் எழுப்ப வேண்டாம். வரும்போது கொஞ்சம் ஊறுகாய் கொண்டுவாருங்கள். இங்கே சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது.